தடைபட்ட ஆட்டங்களும் தாங்கிய திடல்களும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் கிரிக்கெட்

ஒரு விளையாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் வெற்றி தோல்விகளை வரிசைப்படுத்திச் சொல்வது வழக்கம். எடுத்த ஓட்டங்களும் வீழ்ந்த விக்கெட்டுகளும் ஏடுகளில் பதிந்து கிடப்பதால் அவ்வழி எளிதும் ஆகும். ஆயின், ஆடாமல் நின்றுபோன நாள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. மழையால் நின்ற ஆட்டத்தையும், போரால் மூடிய திடலையும், ஊரடங்கால் கலைந்த பருவத்தையும் ஒரு சமூகம் எவ்வாறு எதிர்கொண்டது என்று நோக்கினால், அந்த ஆட்டத்தின்மீது அது கொண்டிருந்த பற்று எத்தகையது என்பது விளங்கும். இவ்வகையில், கோலாலம்பூரையும் கிள்ளானையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் கிரிக்கெட் வரலாறு தனிச்சிறப்பு உடையது. இடையூறு இல்லாத பருவம் இங்கு அரிது. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு ஆட்டம் அறுபடாது வந்திருக்கிறது. அது எதனால் நிலைத்தது, எதனால் அதற்குக் கேடு நேர்கிறது என்னும் இரண்டு கேள்விகளும் ஆராயத்தக்கவை.

வெயில்நாட்டு ஆட்டம் மழைநாட்டுக்கு வந்தது

கிரிக்கெட் இங்கிலாந்தில் கோடைக்காலத்து ஆட்டம். அங்கே பருவம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதை வானமே வகுத்துவிடுகிறது. கோலாலம்பூரில் அத்தகைய கோடை இல்லை. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் என்றால், கோலாலம்பூரில் அது 2400 மில்லிமீட்டருக்கும் மேல். அம்மழையும் ஒரு சில திங்களில் பெய்து ஓய்வதன்று. இரு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், அக்டோபரை ஒட்டிய மாதங்களில், காலையில் வெயில் சுட்டெரிக்க, பிற்பகலில் இடியும் மின்னலுமாக மழை கொட்டித் தீர்ப்பது அன்றாட நிகழ்ச்சி. ஒரு பந்தாட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கிரிக்கெட்டோ ஒரு பகல் முழுவதையும் கேட்பது. பகலின் பிற்பாதியைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் மழைக்கும், முழுப் பகலையும் வேண்டும் ஆட்டத்துக்கும் இடையே இந்நாட்டில் தொடக்கமுதல் வழக்கு இருந்து வருகிறது.

ஊதியம் பெறாதவர்கள் ஆடும் லீக் போட்டிகளுக்கு இதனால் நேரும் தொல்லை பெரிது. தொழில்முறை ஆட்டக்காரர் இன்று மழை பெய்தால் நாளை ஆடலாம். எழுத்தரும் ஆசிரியரும் ரயில்வே ஊழியரும் ஆடும் லீக்கில் நாளை என்பது வேலை நாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று என்றால் அடுத்த ஞாயிறுதான் உண்டு. அதுவும் வேறோர் ஆட்டத்துக்கு முன்னரே ஒதுக்கப்பட்டிருக்கும். திடலும் ஒன்று, நடுவரும் சிலர். எனவே லீக் செயலாளர் கையில் இருக்கும் ஆட்ட அட்டவணை, ஓர் இழை அறுந்தால் பல இழைகள் நெகிழும் துணி போன்றது.

பாடாங்கும் பிரிக்பீல்ட்ஸும்

1884 ஆம் ஆண்டில் சிலாங்கூர் கிளப் தோன்றியது. அதன் எதிரே இருந்த பாடாங் என்னும் பசும்புல் வெளியே கோலாலம்பூர்க் கிரிக்கெட்டின் பிறப்பிடம் எனலாம். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் தாழ்நிலத்தை ஒட்டியது அத்திடல். 1926 ஆம் ஆண்டு டிசம்பரிலும் 1971 ஆம் ஆண்டு ஜனவரியிலும் நகரையே மூழ்கடித்த பெருவெள்ளங்களை நினைத்தால், அந்நிலத்தில் ஆட்டத்தை வேரூன்றச் செய்ததே ஒரு துணிச்சல் என்று தோன்றும்.

1886 ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. 1890 ஆம் ஆண்டில் ஆற்றின்மேல் பாலம் அமைந்ததும் ரயில் கிள்ளான் நகரை எட்டியது. ஈயத்தையும் பின்னர் ரப்பரையும் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லவே இப்பாதை போடப்பட்டது. ஆயினும், காலையில் புறப்பட்டு வேற்றூரில் ஆடிவிட்டு மாலையில் வீடு திரும்பும் வசதியை ஆட்டக்காரர்களுக்குத் தந்ததும் இத்தகைய பாதைகளே. ரயில்வேயுடன் பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்தது. அங்கே குடியமர்ந்தவர்களுள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆங்கிலம் கற்ற எழுத்தர்களும் நிலைய அதிபர்களும் கணிசமானவர்கள். யாழ்ப்பாணக் கல்லூரிகளில் மட்டை பிடித்துப் பழகிய கை, பேனா பிடிக்கும் வேலைக்கு வந்த பின்பும் மட்டையை மறக்கவில்லை. டி.பி.சி.ஏ. என்ற எழுத்துகளால் அறியப்படும் தமிழர் உடற்பயிற்சிக் கழகம் 1914 ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தோன்றியது. ஒவ்வோர் இனத்தாரும் தத்தமக்கென ஒரு கழகம் அமைத்துக்கொண்டு, பிறர் கழகத்தோடு திடலில் சந்திப்பதே அக்கால முறை. பிரிந்து வாழ்ந்தவர்கள் ஒரே விதிக்கு உட்பட்டுக் கூடிய இடங்களுள் ஒன்றாக ஆட்டத் திடல் விளங்கிற்று.

இவ்விதம் ஓய்வு நாள்களில் மட்டும் ஆடப்பட்ட ஆட்டத்தின் தரத்தைக் குறைவாக மதிப்பதற்கில்லை. 1927 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அணியொன்றை மலாயா அணி கோலாலம்பூரில் 39 ஓட்டங்களில் வென்றது. 1909 ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் பிறந்த லால் சிங் என்னும் சீக்கியர், 1932 ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் லார்ட்ஸ் திடலில் இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இடம் பெற்றார். முதல் நாள் காலையில் உல்லியை ஓட்டமிழக்கச் செய்த அவருடைய களத்தடுப்பு பெரிதும் பேசப்பட்டது. இரண்டாவது ஆட்டப் பகுதியில் அவரும் அமர் சிங்கும் நாற்பதே நிமிடங்களில் 74 ஓட்டங்கள் சேர்த்தனர். அதே லால் சிங் பிற்காலத்தில் சிலாங்கூர் கிளப்பின் திடலைப் பேணும் பணியை ஏற்றார். டெஸ்ட் ஆட்டக்காரர் ஒருவர் புல்லையும் மண்ணையும் காக்கும் வேலையைத் தமக்குத் தக்கதெனக் கொண்டது சிந்திக்க வேண்டிய செய்தி.

போரும் ஊரடங்கும்

1942 ஆம் ஆண்டு ஜனவரி 11 ஆம் நாள் ஜப்பானியப் படை கோலாலம்பூருக்குள் நுழைந்தது. அதற்கு முன் ஆண்டுதோறும் கூட்டு மலாய் மாநிலங்களும் நீரிணைக் குடியேற்றங்களும் மோதிவந்த ஆட்டம் நின்றது. ஆடியவர்களுள் ஆங்கிலேயர் சிறை முகாம்களுக்குச் சென்றனர். தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர்களுள் பெருந்தொகையினர் மீளாமலே மாண்டனர். அந்தத் துயரத்தின் முன் ஓர் ஆட்டம் நின்றதைப் பேசுவதும் கூசத்தக்கதே. எனினும் போர் ஓய்ந்து மூன்றே ஆண்டுகளில், 1948 ஆம் ஆண்டில், மலாயாக் கிரிக்கெட் சங்கம் அமைந்தது என்பதை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது.

அச்சங்கம் பிறந்த ஆண்டே அவசரகாலம் பிறந்த ஆண்டும் ஆகும். 1948 ஜூனில் தொடங்கிய அவசரகாலம் 1960 ஜூலையில்தான் முடிவுற்றது. ஊருக்கு வெளியே சாலையில் செல்வதே உயிரைப் பணயம் வைக்கும் செயலாயிற்று. 1951 ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் கர்னியே பிரேசர் மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்றால், தோட்டத்திலிருந்து நகருக்கு ஆட வந்து திரும்பும் பயணம் எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம். இந்நிலையிலும் சங்கம் கலையவில்லை. 1967 ஆம் ஆண்டில் அது அனைத்துலகக் கிரிக்கெட் அமைப்பின் இணை உறுப்பாயிற்று. 1969 மே 13 இரவு கோலாலம்பூரில் கலவரம் மூண்டு ஊரடங்கு பிறந்தது. நாடாளுமன்றமும் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை. ஆனால் 1970 ஆம் ஆண்டிலேயே மலேசியாவும் சிங்கப்பூரும் ஆடும் சவுடாரா கிண்ணப் போட்டி தொடங்கப்பட்டது. மலாய் மொழியில் சவுடாரா என்பது உடன்பிறப்பைக் குறிக்கும் சொல். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அரசியலில் பிரிந்த இரு நாடுகள் ஆட்டத்துக்கு அப்பெயரை இட்டுக்கொண்டன.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து ஒரு பொதுமை புலப்படுகிறது. போரும் கலகமும் ஆட்டத்தை நிறுத்தின, அழிக்கவில்லை. அவை ஓய்ந்தபின் திரும்பி வருவதற்குப் பாடாங் அவ்விடத்திலேயே இருந்தது. பிற நாட்டு அனுபவமும் இதற்கு மாறன்று. பம்பாயில் இந்துக்களும் முஸ்லிம்களும் பார்சிகளும் ஐரோப்பியரும் ஆடிய நாற்கோணப் போட்டி சட்டமறுப்பு இயக்கத்தை முன்னிட்டு 1930 முதல் நான்கு ஆண்டுகள் நடைபெறவில்லை; 1934 ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கியது. திடல் இருந்தது, ஆட்டமும் திரும்பியது.

மழைக்கு ஒரு கணக்கு

திடல் இருந்தால் மட்டும் போதுமோ எனின், போதாது. தடை நேரும்போது யாருக்கு என்ன தீர்ப்பு என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். இதற்குச் சிறந்த சான்று 1997 ஆம் ஆண்டு கோலாலம்பூர் வட்டாரத்தில் நடைபெற்ற ஐ.சி.சி. கிண்ணப் போட்டி. 22 நாடுகள் அதில் கலந்துகொண்டன. ஆட வந்தவர்களுள் பெரும்பாலோர் வேறு தொழில் செய்து பிழைப்பவர்கள். அடுத்த உலகக் கிண்ணத்தில் இடம் பெறப்போகும் மூன்று நாடுகள் எவை என்பதை அப்போட்டியே முடிவு செய்யும். மார்ச் இறுதியில் தொடங்கி ஏப்ரல் நடுவரை நீண்ட அப்போட்டி மழைக்காலத்தின் வாயிலேயே அமைந்துவிட்டது.

சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத் திடலில் வங்கதேசமும் நெதர்லாந்தும் மோதின. 172 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்றிருந்தபோது மழை குறுக்கிட்டது. இலக்கு 33 ஓவர்களில் 141 என்று குறைக்கப்பட்டது. அணித்தலைவர் அக்ரம் கான் ஆட்டமிழக்காமல் 68 ஓட்டங்கள் எடுத்துக் காப்பாற்றினார். பிரிக்பீல்ட்ஸுக்கு அடுத்த பங்சாரில் கீலாட் கிளப் திடலில் ஏப்ரல் 12 ஆம் நாள் தொடங்கிய இறுதியாட்டத்தில் கென்யா 241 ஓட்டங்கள் எடுத்தது. அவற்றுள் 147 டிக்கோலோ என்ற ஒருவர் எடுத்தவை. அன்று வங்கதேசம் மட்டை பிடிக்க மழை விடவில்லை. மறுநாளும் திடல் காயத் தாமதமாயிற்று. ஆகவே 25 ஓவர்களில் 166 என்று இலக்கு மாற்றப்பட்டது. கடைசி ஓவரில் 11 ஓட்டங்கள் தேவை. அதன் முதல் பந்தில் காலித் மசூத் ஆறு ஓட்டங்கள் அடித்தார். கடைசிப் பந்தில் வேண்டிய ஓர் ஓட்டம் கிடைத்தது. இரண்டு விக்கெட் வேறுபாட்டில் வங்கதேசம் வென்றது. மூன்றே ஆண்டுகளில், 2000 ஆம் ஆண்டில், அந்நாடு டெஸ்ட் ஆடும் தகுதி பெற்றது. ஒரு தேசத்தின் கிரிக்கெட் வாழ்வு கோலாலம்பூர் மழையைக் கணக்கிட்ட விதியின்மேல் ஏறிக் கரை சேர்ந்தது என்று கூறினால் மிகையாகாது.

அந்த விதியை வகுத்தவர்கள் டக்வொர்த், லூயிஸ் என்ற இரு ஆங்கிலக் கணித அறிஞர்கள். ஓர் அணியிடம் இருக்கும் செல்வம் இருவகை: எஞ்சிய ஓவர்கள் ஒன்று, எஞ்சிய விக்கெட்டுகள் மற்றொன்று. மழை எவ்வளவு செல்வத்தைப் பறித்தது என்று கணக்கிட்டு, அதற்கேற்ப இலக்கை மாற்றுவதே அதன் சாரம். 2006 செப்டம்பரில் பூச்சோங் கின்ராரா திடலில் டெண்டுல்கர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 141 ஓட்டங்கள் எடுத்தும், மழைக் கணக்கின்படி இந்தியா 29 ஓட்டங்களில் தோற்றது. 2008 மார்ச்சில் அதே திடலில், கோலி தலைமையில் ஆடிய பத்தொன்பது வயதுக்குட்பட்ட இந்திய அணி உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 12 ஓட்டங்களில் வென்றதும் அதே கணக்கின்படியே. ஒரு முறை பாதகமாயிற்று, ஒரு முறை சாதகமாயிற்று. முன்னரே ஒப்புக்கொண்ட விதி என்பதால் இரண்டையும் ஏற்றுக்கொண்டனர்.

பருவமே கலைந்தால்

ஓர் ஆட்டம் நின்றால் கணக்கு உண்டு. பருவமே கலைந்தால் என் செய்வது? 2005 ஆகஸ்டில் புகைமூட்டம் மிகுந்து, காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500 ஐத் தாண்டியதால், கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மழையில்லை, வெள்ளமில்லை, ஆயினும் வெளியில் ஓடியாடுவது உடலுக்குக் கேடு. அது சில நாள்களில் நீங்கிற்று. 2020 இல் வந்த கொள்ளைநோயோ எளிதில் நீங்கவில்லை. அவ்வாண்டு மார்ச் நடுவில் ஆறு நாடுகள் மலேசியாவில் ஆடவிருந்த உலகக் கிண்ணச் சவால் லீக்கின் இரண்டாம் சுற்று ஒத்திவைக்கப்பட்டது. மார்ச் 18 ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. தளர்வும் இறுக்கமும் மாறிமாறி 2021 முழுவதும் நீடித்தன. சவால் லீக்கின் அச்சுற்று 2022 ஆம் ஆண்டில்தான், அதுவும் கனடாவில், ஆடி முடிக்கப்பட்டது. இந்தியாவில் இரண்டாம் உலகப் போரின்போதும் நிற்காத ரஞ்சிக் கிண்ணப் போட்டி 2020–21 பருவத்தில் முதன்முறையாக நடைபெறாமல் போயிற்று.

இத்தகைய பருவத்தில் லீக் நடத்துவோர்முன் மூன்று வழிகளே உண்டு. பருவத்தை முற்றாகக் கைவிடலாம். குறைந்த ஓவர்களாகவும் குறைந்த ஆட்டங்களாகவும் சுருக்கலாம். அல்லது ஆடிய அளவுக்கு மதிப்பெண்ணைச் சராசரியாக்கித் தரவரிசை காணலாம். மூன்றாம் வழியில் சச்சரவு எளிதில் எழும். 2020 நவம்பரில் உலக டெஸ்ட் வாகைப் போட்டிக்கே இந்நிலை வந்தது. பல தொடர்கள் நின்றுபோனதால், பெற்ற புள்ளிகளை விடுத்து, பெறக்கூடியவற்றுள் பெற்ற விழுக்காடே கணக்கு என்று விதி மாற்றப்பட்டது. 480 இல் 360 பெற்றிருந்த இந்தியாவுக்கு 75 விழுக்காடு. 360 இல் 296 பெற்றிருந்த ஆஸ்திரேலியாவுக்கு 82 விழுக்காட்டுக்குச் சற்று மேல். முதலிடத்திலிருந்த இந்தியா ஒரே நாளில் இரண்டாமிடத்துக்கு இறங்கிற்று. கணக்கில் பிழை இல்லை. ஆனால் பருவத்தின் நடுவில் மாறும் விதி எத்துணை நேர்மையானதாயினும் ஐயத்துக்கு இடம் தரும். தொடங்குமுன் எழுதிவைக்கும் விதி சற்றுக் குறையுடையதாயினும் அமைதியைத் தரும். பெரிய அமைப்புக்கும் சிறிய லீக்குக்கும் இப்பாடம் ஒன்றே.

மீளாத இழப்பு

இதுகாறும் கூறிய தடைகள் யாவும் வந்து போயின. வந்தபின் போகாத தடை ஒன்று உண்டு. அது திடலை இழப்பது. 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாக் கொடி ஏறியது பாடாங்கில்தான். அந்தப் பெருமையினாலேயே அத்திடல் 1980 களின் பிற்பகுதியில் நகரின் பொதுச் சதுக்கமாக மாறி மெர்டேக்கா சதுக்கம் எனப் பெயர் பெற்றது. சிலாங்கூர் கிளப்பின் கிரிக்கெட் புக்கிட் கியாராவுக்கு இடம் பெயர்ந்தது. அங்கு மாற்றிடம் கிடைத்தமையால் ஆட்டம் பிழைத்தது. 2003 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, டெண்டுல்கரையும் கோலியையும் கண்ட கின்ராரா திடலின் கதை வேறு. குத்தகை பற்றிய வழக்கு சங்கத்துக்குப் பாதகமாக முடிந்து, 2020 நடுவில் திடலை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கொள்ளைநோய் ஆட்டத்தை நிறுத்திய அதே பருவத்தில் திடலும் கைவிட்டுப் போனது. நோய் நீங்கிற்று, திடல் திரும்பவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாழ்நிலத்தில் திடலுக்கு எதிரி வெள்ளம். இந்நூற்றாண்டில் எதிரி நிலத்தின் விலை. நகரம் வளர வளர வீடும் கடையும் வேண்டுமென்பது உண்மையே. ஆனால் ஒரு கிரிக்கெட் திடல் ஓராண்டில் ஆகிவிடுவதன்று. ஆடுகளத்தின் களிமண்ணும், சுற்றிலும் உள்ள புல்லும், அடியில் மழைநீர் வடியும் வாய்க்காலும் பல ஆண்டுப் பராமரிப்பில் பக்குவப்படுபவை. ஒருமுறை அடித்தளம் தோண்டிவிட்டால், எந்த விதிப் புத்தகமும் எந்தக் கணக்கும் அதை மீட்டுத் தரா.

இப்போது இவ்வட்டாரத்தின் சுமையைத் தாங்குபவற்றுள் கிள்ளான் பண்டமாரானில் உள்ள பாயுமாஸ் திடலும் பாங்கியில் உள்ள பல்கலைக்கழகத் திடலும் முக்கியமானவை. 2025 ஜனவரியில் பத்தொன்பது வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கிண்ணப் போட்டி மலேசியாவில் தொடங்கியபோது, முதல் நாளிலேயே சில ஆட்டங்கள் மழையால் கைவிடப்பட்டன. பழைய வழக்கு புதிய தலைமுறைக்கும் நேர்ந்தது. எனினும் போட்டி நடந்தேறியது. பிப்ரவரி 2 ஆம் நாள் பாயுமாஸ் திடலில் இந்திய மகளிர் தென்னாப்பிரிக்காவை ஒன்பது விக்கெட் வேறுபாட்டில் வென்று கிண்ணத்தைக் கைக்கொண்டனர். அவ்வணியில் மதுரையைச் சேர்ந்த கமலினியும் இருந்தார். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்து எழுத்தர்கள் ரயிலேறி ஆடப் போன கிள்ளான் வட்டாரத்தில் மதுரைப் பெண்ணொருவர் உலகக் கிண்ணம் ஏந்தியது, இடையே இத்தனை தடைகள் நேர்ந்தும் திடல் ஒன்று எஞ்சியிருந்ததால் அன்றோ?

மழையை நிறுத்த யாராலும் இயலாது; ஊரடங்கை லீக் செயலாளர் நீக்கிவிட முடியாது. விதியை முன்னரே எழுதி வைப்பதும், திடலைக் காப்பதுமே மனிதர் கையில் உள்ளவை. முன்னது ஒரு பருவத்தைக் காக்கும். பின்னது ஆட்டத்தையே காக்கும். டெஸ்ட் ஆடிய கையால் புல்லைப் பேணிய லால் சிங் இவ்வுண்மையை அறிந்தவர் எனலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று கழகம் நடத்துவோர் ஆட்ட அட்டவணைக்குக் காட்டும் கவலையை நிலப் பத்திரத்துக்கும் காட்டுவார்களாயின், இனி வரும் தடைகளும் வந்தவாறே போகும்.